கொடைக்கானல் படங்களில் மங்கலும் பச்சைப் புள்ளியும்: யூவி ஃபில்டரைக் கழற்றிவிடலாமா?

மலைப்பாதை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுக்கு முன் கேமரா வாங்கியபோது, அதனுடன் வந்த 18-55, 55-250 மி.மீ. (குவியத் தூரம்) ஆகிய இரண்டு லென்ஸுகளிலும் கடைக்காரர் 58 மி.மீ. விட்டமுள்ள யூவி ஃபில்டரை, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியை, தாமே மாட்டி, அதற்கும் சேர்த்துப் பில் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவற்றைக் கழற்றியதே இல்லை. உண்மையைச் சொன்னால், அவை லென்ஸின் ஒரு பகுதி என்றே சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மே மாதம் குடும்பத்துடன் கொடைக்கானல் போயிருந்தோம். கோக்கர்ஸ் வாக்கில் நின்று, கீழே தெரியும் சமவெளியை நண்பகலில் எடுத்த படங்கள் எல்லாம், மெல்லிய வேட்டியை விரித்துப் போர்த்தியதுபோல் மங்கலாகவும் நீலம் பாய்ந்தும் வந்திருக்கின்றன. மறுநாள் அதே இடத்தில் சூரிய உதயத்தை எடுத்தேன். சூரியன் படத்தின் இடது மேல் மூலைக்கு அருகில் இருக்க, வலது கீழ்ப்பக்கம் இருட்டாகக் கிடந்த மலைச்சரிவின் மேல் பட்டாணி அளவில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்திருக்கிறது. எத்தனை முறை எடுத்தாலும் அது போகவில்லை. கேமராவை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது.

மலையில் புற ஊதாக் கதிர் அதிகம், அதைத் தடுத்தால் தூரத்துக் காட்சி தெளியும் என்று கடைக்காரர் சொன்னார். தெளியவில்லை என்பதோடு, ஃபில்டரே படத்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயமும் இப்போது வந்துவிட்டது. செப்டம்பரில் லடாக்கிற்கும், அதன்பின் டிசம்பரில் தனுஷ்கோடிக்கும் போகத் திட்டம் இருக்கிறது. இவற்றை மாட்டிக்கொண்டே போவதா, வீட்டில் வைத்துவிட்டுப் போவதா, அல்லது விலை உயர்ந்ததாக வேறு வாங்குவதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கண்ணாடிக்காரன்

வணக்கம் நண்பரே. உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றில் ஃபில்டர் குற்றவாளி இல்லை, மற்றொன்றில் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி.

முதலில் மங்கலைப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்டது. 400-க்குக் கீழே இருப்பது புற ஊதா. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிக வேகமாகக் கூடுகிறது. அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும் என்பது இயற்பியலாளர் ராலே கண்ட விதி. தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவோ நீலத்தைவிடவும் அதிகமாகச் சிதறுகிறது. அதைப் பதிவு செய்யக்கூடிய கருவி உங்கள் கையில் இருந்தால், கண் பார்த்ததைவிட மங்கலான படம்தான் கிடைக்கும். கடைக்காரர் சொன்னதன் வேர் இங்கே இருக்கிறது, ஆகவே அவரை முழுப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் கேமரா புற ஊதாவை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால், புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுத்து இடைப்பட்ட ஒளியை மட்டும் விடும் ஒரு கண்ணாடித் தகடு ஆலையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால் உங்கள் லென்ஸில் பத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள், அவற்றின் பூச்சுகள், அவற்றில் சிலவற்றை ஒட்ட வைத்திருக்கும் பசை என்று இத்தனை தடைகள் இருக்கின்றன. 350 நானோமீட்டருக்குக் கீழே இவற்றைத் தாண்டி வருவது மிகச் சொற்பம். ஏற்கெனவே பூட்டியிருக்கும் கதவில் இன்னொரு பூட்டைத் தொங்கவிடுவதைத்தான் ஃபில்டர் செய்கிறது.

அப்படியானால் அந்த மங்கல் எங்கிருந்து வந்தது? மே மாத நண்பகலில் சமவெளியிலிருந்து மேலெழும் தூசி, புகை, ஈரப்பதம் ஆகியவற்றிலிருந்து வந்தது. இந்தத் துகள்கள் காற்று மூலக்கூறுகளைவிடப் பல மடங்கு பெரியவை; இவை எல்லா நிற ஒளியையும் கிட்டத்தட்ட ஒரேபோலச் சிதறடிப்பதால் காட்சி வெளுத்துப் போகிறது. பச்சையும் சிவப்பும் சேர்ந்து சிதறும்போது, புற ஊதாவை மட்டும் தடுப்பதால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. மலையில் இறங்கும் மேகமூட்டத்திற்கும் இதே கதைதான், ஏனென்றால் அது நீர்த்துளிகளின் கூட்டம். அதை ஊடுருவிப் பார்க்கும் ஃபில்டர் ஒன்று கடையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மங்கலை ஓரளவு குறைக்க வேண்டுமானால் போலரைசர் பயன்படும்; அது ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், சுழற்றக்கூடிய ஃபில்டர். சூரியனுக்குச் செங்குத்தான திசையில், அதாவது சூரியன் உங்கள் இடத்தோளுக்கோ வலத்தோளுக்கோ நேராக இருக்கும்படி நின்று, வளையத்தைச் சுழற்றிப் பார்த்தால் வித்தியாசம் வியூஃபைண்டரிலேயே தெரியும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளி குறையும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. போன்ற அகன்ற கோணத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகி அசிங்கமாகத் தெரியவும் கூடும். இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, முந்தைய நாள் மழை பெய்து தூசி அடங்கிய காலையில் போய் எடுப்பது. கொடைக்கானல்வாசி யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இனிப் பச்சைப் புள்ளி. படத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்துப் பார்த்தால், சூரியன் இருக்கும் இடத்திற்கு நேர் எதிரே, அதே தொலைவில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் அது ஃபில்டரின் வேலை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். சென்சாரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பானது. அதில் விழுந்த சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கு லென்ஸ் வழியே திரும்பி வெளியே போகும்போது, தட்டையான ஃபில்டரின் பின்புறத்தில் மோதி மறுபடியும் உள்ளே வந்து, தலைகீழான இரண்டாவது சூரியனாகப் பதிகிறது. லென்ஸின் கண்ணாடிகள் வளைந்தவை என்பதால் அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் பரவிப் போய்விடும். ஃபில்டர் தட்டை என்பதால் அது கூர்மையான புள்ளியாகவே திரும்பி வருகிறது. பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பல அடுக்குப் பூச்சு இட்ட நல்ல ஃபில்டரில் இது அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். விலை வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தப் பூச்சுக்குத்தான்.

சுருக்கமாக என் பரிந்துரை: சூரியனோ தெருவிளக்கோ சட்டகத்துக்குள் இருக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். மற்ற நேரங்களில் என்ன செய்வது என்பது அவரவர் மனநிம்மதியைப் பொறுத்தது. நான் எப்போதும் கழற்றித்தான் வைத்திருக்கிறேன். லென்ஸின் முன் கண்ணாடியைக் காக்க, முன்னால் மாட்டும் குழல் போன்ற ஹூட் போதும்.

பழைய படச்சுருள்

தம்பி சொன்ன அறிவியலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஃபில்டர் ஏன் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், இது கடைக்காரர்கள் கூடிச் செய்த சதி என்று இளையவர்கள் நினைத்துவிடுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிலிமில் எடுத்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புகள் இயல்பிலேயே நீலத்தையும் புற ஊதாவையும் உணரக்கூடியவை. பச்சையையும் சிவப்பையும் உணர்வதற்குத்தான் அவற்றில் தனியாகச் சாயம் சேர்க்க வேண்டியிருந்தது. கலர் ஃபிலிமில் நீலத்தைப் பதிவு செய்யும் அடுக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழே ஒரு மஞ்சள் அடுக்கு, நீலம் மேற்கொண்டு இறங்காதபடி தடுக்கும். அதற்கும் கீழே பச்சைக்கும் சிவப்புக்குமான அடுக்குகள். மலையுச்சியில் வந்து விழும் புற ஊதா முழுவதும் மேலடுக்கில் பதிந்து நீலக் கணக்கில் சேர்ந்துவிடும். ஊட்டியில் தொட்டபெட்டாவின் மேல் நின்று எடுத்த ஸ்லைடுகளில் (பிரிண்ட் போடாமல் ஃபிலிமையே படமாகப் பார்ப்பவை) தூரத்து மலைகள் நீல மை கொட்டியதுபோல் வருவதைப் பார்த்து நொந்திருக்கிறேன். நெகட்டிவ் என்றால் பிரிண்ட் போடும்போது ஓரளவு சரிசெய்யலாம். ஸ்லைடில் பதிந்தது பதிந்ததுதான்.

அதனால் அந்தக் காலத்தில் யூவி ஃபில்டரும், லேசான இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஸ்கைலைட் ஃபில்டரும் மலைப்பயணப் பையில் தவறாமல் இருந்தன. நிக்கான் தன் யூவி ஃபில்டர்களுக்கு எல்37, எல்39 என்று பெயரிட்டிருந்தது. அந்த எண்கள் முறையே 370, 390 நானோமீட்டர் பக்கத்தில் வெட்டு விழுவதைக் குறிப்பவை. எண் கூடக் கூடத் தடுப்பு கடுமையாகும், கண்ணாடியும் லேசாக மஞ்சள் பூக்கும். கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களுக்கு இது தேவைப்படவில்லை, ஏனென்றால் மேகத்தை எடுத்துக்காட்ட அவர்கள் மாட்டும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டரே புற ஊதாவையும் சேர்த்து நிறுத்திவிடும். இன்று ஃபிலிமுக்குத் திரும்பியிருக்கும் பிள்ளைகள் யூவியின் மேல் மஞ்சளை மாட்டி, அதன் மேல் போலரைசரையும் மாட்டி, நான்கு மூலையும் கறுத்துப் போய்விட்டது என்று வந்து கேட்கிறார்கள். ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டுங்கள் என்பதே அவர்களுக்கு என் பதில்.

லடாக் பற்றி: கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் புற ஊதா ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புதிதாக விழுந்த பனி, தன் மேல் படும் புற ஊதாவில் 80 விழுக்காடு வரை எதிரொளிக்கும். ஆகவே ஃபிலிம் கேமரா கொண்டுபோனால் எல்39 வகையில் ஒன்று கட்டாயம் வேண்டும். டிஜிட்டல் என்றால் உங்கள் தோலுக்கும் கண்ணுக்கும்தான் பாதுகாப்பு தேவை, சென்சாருக்கு அல்ல. அங்கே நிழலில் நிற்பவர்களின் முகம் நீலமாக வருவது வேறு காரணத்தால்: அவர்கள் மேல் விழுவது வெயில் அல்ல, நீல வானத்தின் ஒளி. அதற்குக் கேமராவின் நிறச் சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸை நிழல் என்ற நிலையில் வைத்தால் போதும்.

டிஜிட்டலிலும் விதிவிலக்கு உண்டு என்பதற்கு லைக்கா எம்8 சாட்சி. 2006-இல் வந்த அந்தக் கேமராவின் சென்சாருக்கு முன்னிருந்த தடுப்பு மெல்லியதாக இருந்ததால், செயற்கை இழைத் துணிகளின் கறுப்பு, ஊதா கலந்து பதிந்தது. அங்கே குற்றவாளி புற ஊதா அல்ல, அகச்சிவப்பு. இரண்டையும் தடுக்கும் ஃபில்டர்களை அந்த நிறுவனமே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, யூவி ஃபில்டர் மாட்டியிருப்பதால் சூரியனை நேராக எடுக்கலாம் என்று எண்ணிய ஒருவரை என் பக்கத்திலேயே தடுத்து நிறுத்தினேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் யூவி ஃபில்டர் அப்படியே உள்ளே விட்டுவிடும். சூரியனை எடுப்பதற்கென்று உள்ள ஃபில்டர், ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். பெயர் ஒத்திருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

உப்பளத்துக் காற்று

ஹூட் போதும் என்று கண்ணாடிக்காரன் அண்ணன் எழுதியதை நான் ஏற்கவில்லை. அவர் அறைக்குள்ளும் மலையிலும் எடுப்பவர் போலிருக்கிறது. நான் தூத்துக்குடியில் உப்பளங்களையும் மீன்பிடித் துறைமுகத்தையும் எட்டு ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். இங்கே காற்று திசை மாறினால் பத்தே நிமிடத்தில் லென்ஸின் முகத்தில் உப்புப் படலம் படர்ந்துவிடும். ஹூட் மழைச்சாரலை ஓரளவு தடுக்கும். மூடுபனிபோல் மிதந்து வரும் உப்புநீர்த் திவலையைத் தடுக்காது.

தொடக்கத்தில் நானும் ஃபில்டர் இல்லாமல்தான் எடுத்தேன். படலம் தெரிந்தவுடன் சட்டைப் பையிலிருந்த துணியால் துடைப்பேன். உலர்ந்த உப்பு என்பது நுண்ணிய படிகம். அதைத் துணியால் தேய்ப்பது, மணல் தாளால் தேய்ப்பதற்கு அடுத்த நிலை. இரண்டாம் ஆண்டு முடிவில் என் 50 மி.மீ. லென்ஸின் முன் பூச்சில் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. சந்தையில் விற்கும் லென்ஸ் துடைக்கும் திரவங்களில் பல ஆல்கஹால் கலந்தவை. எண்ணெய்ப் பசையையும் விரல் ரேகையையும் அது எடுத்துவிடும். உப்போ ஆல்கஹாலில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். முதலில் புளோயரால் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் ஒற்றியெடுத்து, கடைசியில்தான் உலர்ந்த துணியைத் தொட வேண்டும் என்பதை லென்ஸ் கெட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஃபில்டரின் பெருமை இங்கேதான். அதைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவலாம். லென்ஸை அப்படிக் கழுவ முடியுமா? கீறல் விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கலாம். மேலும், ஈரமும் தூசியும் புகாத லென்ஸ் என்று விற்கப்படுபவற்றில் சில, முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகும். கேனனின் 17-40 எஃப்4 எல் லென்ஸ் அப்படிப்பட்டது. அதன் முன் கண்ணாடிக் கூட்டம் வெளிக்கூட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்வதால், அந்த வாயை மூட ஏதோ ஒரு கண்ணாடி தேவைப்படுகிறது.

தனுஷ்கோடி போகும் தம்பிக்கு: ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒரு மணல் நாக்கு. அங்கே உப்பும் மணலும் சேர்ந்தே பறக்கும். ஃபில்டரைக் கட்டாயம் மாட்டிக்கொண்டு போங்கள். அது யூவியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பாதுகாப்புக்கென்றே விற்கும் நிறமற்ற கண்ணாடியும் போதும். இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று காயும் நேரத்தில் மற்றதை மாட்டலாம்.

வாடிவாசல்

உப்பளத்தாரை வழிமொழிகிறேன். அலங்காநல்லூரில் கொட்டியிருக்கும் தென்னைநார்க் கழிவு, காளை பாய்ந்து வரும்போது தூளாகப் பறப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் வெறும் லென்ஸுடன் வேலிக்கருகில் நிற்க மாட்டார்கள். ஆனால் 200 மி.மீ.க்கு மேல் போகும்போது மலிவான ஃபில்டரை மாட்டாதீர்கள். முன்னூறு ரூபாய்க் கண்ணாடியின் இரு பரப்பும் சரியான தட்டையாக இருப்பதில்லை. 18 மி.மீ.இல் தெரியாத அந்தக் கோணல், 250 மி.மீ.இல் கொம்பின் நுனியைக் குழைத்துக் காட்டும். ஃபோகஸ் சரியில்லை என்று கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு இது புரிந்தது.

கண்ணாடிக்காரன்

உப்பளத்துச் சகோதரர் சொன்னதை மறுக்க மாட்டேன். கடற்கரைக்கு நான் ஆண்டுக்கு ஒருமுறை போனாலே அதிகம், அதனால் எழுதும்போது அது நினைவில் வரவில்லை. ஹூட் போதும் என்ற வரியைப் பறக்கும் பொருள் இல்லாத இடங்களுக்கு மட்டும் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே விழும் லென்ஸை ஃபில்டர் காப்பாற்றும் என்று பலர் நம்புவதை மட்டும் இன்னும் ஏற்கத் தயங்குகிறேன். ஃபில்டர் மெல்லிய கண்ணாடி. லென்ஸின் முன் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடித்தது. மெல்லியது உடைந்தது என்பதால், அது இல்லாவிட்டால் தடித்ததும் உடைந்திருக்கும் என்று ஆகாது. உடைந்த சில்லுகளே லென்ஸைக் கீறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். விளிம்பில் அடி விழுந்தால் ஃபில்டரின் வளையம் நெளிந்து, லென்ஸின் மரையைக் காப்பாற்றும் என்பது வரை உண்மை.

மலைப்பாதை நண்பருக்கு ஒரு வேலை. உங்கள் ஃபில்டரை நீங்களே சோதித்துப் பார்த்துவிடுங்கள்; நான் சொல்வதையும் கடைக்காரர் சொல்வதையும் நம்பத் தேவையில்லை. இரவில் கேமராவை முக்காலியில் வைத்து, ஒரு தெருவிளக்கைச் சட்டகத்தின் மூலைக்கருகே நிறுத்தி, எக்ஸ்போஷரை மாற்றாமல் ஃபில்டரோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் எடுங்கள். பகலில் 250 மி.மீ.இல் ஐம்பது மீட்டர் தொலைவில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை அதேபோல் இரண்டு முறை எடுத்து எழுத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அது உண்மையிலேயே யூவியைத் தடுக்கிறதா என்று அறிய ஒரு ரூபாய் நோட்டு போதும். நோட்டின் வரிசை எண்ணும் அதில் பதிந்த நுண்ணிழைகளும் புற ஊதா ஒளியில் மின்னும். 365 நானோமீட்டர் டார்ச்சின் முகத்தில் ஃபில்டரை வைத்து ஒளியை நோட்டில் காட்டினால், நல்ல ஃபில்டர் அந்த மின்னலை நன்றாக அடக்கிவிடும். வெறும் கண்ணாடி அவ்வளவாக அடக்காது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டரில் எரிபவை. அது தடுப்பின் எல்லைக்கோட்டிலேயே இருப்பதால் நல்ல ஃபில்டரும் அதை விட்டுவிடும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எந்த டார்ச்சாக இருந்தாலும் அதை நேராகப் பார்க்கவும் கூடாது.

எல்லைக்கோடு என்றதும் நினைவுக்கு வருகிறது. நீங்கள் போன அதே கொடைக்கானலில் உள்ள சூரிய ஆய்வகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே 393.4 நானோமீட்டரில், அதாவது கால்சியம் ஒளியை உறிஞ்சும் கே வரி என்ற அலைநீளத்தில், சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. நாம் பணம் கொடுத்துத் தடுக்க நினைக்கும் ஒளிக்கு வாசற்படியில், அவர்கள் நூறாண்டு காலம் படம் எடுத்திருக்கிறார்கள்.

மலைப்பாதை

இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே சோதித்துவிட்டேன்.

பச்சைப் புள்ளியை அளந்ததில், அது நடுப்புள்ளியைத் தாண்டிச் சூரியனுக்கு நேர் எதிரே கச்சிதமாக விழுந்திருந்தது. எங்கள் தெருமுனை விளக்கை எடுத்தபோது ஃபில்டருடன் எடுத்த படத்தில் அதே புள்ளி வந்தது. இல்லாமல் எடுத்ததில் வரவில்லை. பெயர்ப்பலகைச் சோதனையில் 18-55 லென்ஸில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 55-250-இல் ஃபில்டரைக் கழற்றியபின் எழுத்துகள் தெளிவாகக் கூர்மையடைந்தன. இத்தனை நாள் அந்த லென்ஸையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரின் 365 டார்ச்சைக் கடன் வாங்கி நோட்டில் காட்டியதில், இரண்டு ஃபில்டர்களில் ஒன்று மின்னலை ஓரளவு மங்கச் செய்தது. மற்றது ஜன்னல் கண்ணாடிபோல் அப்படியே விட்டது. இரண்டின் வளையத்திலும் யூவி என்று ஒரே எழுத்தில்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

ஆகவே பெரிய லென்ஸுக்கு இனி ஃபில்டர் இல்லை, ஹூட் மட்டும். சிறியதற்குப் பல அடுக்குப் பூச்சுள்ள ஒரு நிறமற்ற கண்ணாடி வாங்கி, தனுஷ்கோடிக்கும் லடாக்கின் தூசிப் பாதைகளுக்கும் மாட்டிக்கொள்ளப் போகிறேன். இப்போதுள்ள சிக்கல் வேறு: சிறிய லென்ஸின் ஃபில்டர், தெருவிளக்குச் சோதனைக்குப் பிறகு மறுபடி மாட்டியதில் இறுகிப்போய்க் கழல மறுக்கிறது. எவ்வளவு அழுத்திப் பிடித்தும் அசையவில்லை.

உப்பளத்துக் காற்று

அழுத்திப் பிடிப்பதுதான் தவறு. மெல்லிய அலுமினிய வளையத்தை இரு பக்கமும் நெருக்கினால் அது நீள்வட்டமாகி மரையை மேலும் கவ்விக்கொள்ளும். சுத்தமாகக் கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைத் தரையில் மல்லாத்தி, அதன் மேல் லென்ஸைக் குப்புற வைத்து, வளையத்தின் விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் படும்படி லேசாக அழுத்தி, லென்ஸை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே வந்துவிடும். வராவிட்டால் வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டு ஒன்றைப் போட்டு, விரல் நுனிகளால் மூன்று நான்கு இடங்களில் தொட்டுத் திருப்பிப் பாருங்கள். புதிதாக வாங்கும்போது கிடைத்தால் பித்தளை வளையம் உள்ளதாக வாங்குங்கள். அது இப்படிக் கவ்வுவது குறைவு.

கழன்றதும் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓராண்டாகக் கழற்றவே இல்லை என்று முதலில் எழுதியிருந்தீர்கள். மழைக்காலத்து ஈரம் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் தங்கினால் சிலந்திவலைபோல் பூஞ்சை படரும்; ஃபில்டர் அதைத் தடுக்காது, மூடி வைத்துப் பார்வைக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, லென்ஸுகளை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

மலைப்பாதை

செருப்பு வைத்தியம் பலித்தது, அண்ணா. பூஞ்சை இல்லை. உட்புறத்தில் ஒரு கைரேகை மட்டும் இருந்தது. அது என்னுடையது அல்ல என்பதால், வாங்கிய அன்றே கடையில் பதிந்ததாகத்தான் இருக்க வேண்டும்.